பானையிலிருந்து பெட்டிக்கு: நம்ம ஊர் பாம்பு வளர்த்த கதை

இந்த எபிசோட் முழுக்க பின்னாடி ஒரு டக் டக் சத்தம் கேட்கும். எடிட்ல எடுக்கப் பார்த்தேன், முடியல. அது எங்க வீட்டுத் தறி. நான் இப்ப ஆரணியில, எங்க ஆயா வீட்டுல உட்கார்ந்து பேசிட்டிருக்கேன். இடது பக்கம் பட்டு நூல், ஜரிகை, பழைய ஜக்கார்டு அட்டைகள். வலது பக்கம் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதுக்குள்ள ஆரஞ்சு நிறத்துல, பென்சிலை விடக் கொஞ்சம் தடிமனா, ஒன்றரை அடி நீளத்துல ஒரு கார்ன் ஸ்நேக் படுத்திருக்கு.

என்னுது இல்ல. சென்னையில என்கூட ரூம்ல இருக்கிற நண்பனோடது. ஏப்ரல் மாசம் அவனுக்குத் திடீர்னு மூணு மாசம் ஆன்சைட் வந்துச்சு. "மச்சான், உங்க ஊர்ல பெரிய வீடு, நீயும் வொர்க் ஃப்ரம் ஹோம் போற, கொஞ்ச நாள் பார்த்துக்கோடா"ன்னு கொடுத்துட்டுப் போயிட்டான். கொடுக்கும்போது சொல்லாத ஒரு விஷயத்தை ஏர்போர்ட்ல இருந்து மெசேஜ் பண்ணான். அது நாலு வாரமா எதுவும் சாப்பிடல.

அதனால இது ஒரு பாம்பு வளர்ப்பு எபிசோட் மாதிரி ஆரம்பிச்சு, வரலாறா மாறிப்போன எபிசோட். அந்தக் குட்டி ஏன் சாப்பிடலன்னு தேடப் போய், தமிழ்நாட்டுல பாம்பை உயிரோட வச்சுப் பார்த்துக்கத் தெரிஞ்சவங்க யாரு, அது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு தேட வேண்டியதா போச்சு.

முதல்ல ஆயா. பெட்டியைத் திறந்து காட்டினதும் பயப்படுவாங்கன்னு நினைச்சேன். குனிஞ்சு பார்த்துட்டு, "இது என்னடா, சாரைக்கு மஞ்சள் குங்குமம் பூசின மாதிரி இருக்கு"ன்னாங்க. அவங்க சொன்னது பெருசா தப்பில்ல. கார்ன் ஸ்நேக் அமெரிக்காவோட தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த எலிப்பாம்பு. நம்ம சாரையும் அதுவும் ஒரே பெருங்குடும்பம், ரெண்டுக்கும் விஷம் கிடையாது, ரெண்டுக்கும் எலிதான் பிடிச்ச சாப்பாடு. அங்க மக்காச்சோளம் சேர்த்து வைக்கிற களஞ்சியத்துல எலி பிடிக்க வரும், அதனால அந்தப் பேருன்னு சொல்றாங்க. வயித்துல இருக்கிற கட்டம் கட்டமான டிசைன் சோளக்கதிர் மாதிரி இருக்கிறதாலன்னும் சொல்றாங்க.

எங்க வீட்டுல இருக்கிறது குழித்தறி. நெய்யுறவங்க காலைக் குழிக்குள்ள விட்டுத்தான் மிதியை மிதிப்பாங்க. பாவுக்குக் கஞ்சி போட்டா அந்த வாசனைக்கு எலி வரும். எலி ஒரு ராத்திரி பாவைக் கடிச்சா பல நாள் உழைப்பு போச்சு. எலி வந்தா பின்னாடியே சாரை வரும். ஆயா சின்ன வயசுல, மழைக்காலத்துல காலையில தறிக்குழியில விளக்கு பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் காலை விடுவாங்களாம். சாரை இருந்தா அடிக்க மாட்டாங்க. தெருவுக்குப் பின்னாடி குடிசை போட்டிருந்த ஒரு இருளர் பெரியவரைக் கூப்பிடுவாங்க. அவர் வந்து வெறுங்கையால எடுத்துட்டுப் போவார். படி அரிசியும் ஒரு பழைய வேட்டியும் வாங்கிப்பார்.

(ராத்திரியில ஆயா பாம்புன்னு சொல்ல மாட்டாங்க, பூச்சின்னுதான் சொல்லுவாங்க. பட்டு நெய்யுற வீட்டுல "பூச்சி இன்னிக்கு சாப்பிட்டுச்சாடா?"ன்னு ஃபோன்ல கேட்டா, வெளியாளுக்கு நாங்க பட்டுப்புழு வளர்க்கிறோம்னு தோணும். எங்க மேனேஜருக்கு அப்படித்தான் தோணிச்சு. நானும் திருத்தல.)

"அந்தப் பாம்பை எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவார்?"னு கேட்டேன். ஆயா சாதாரணமா சொன்னாங்க: "சில சமயம் வயல்ல விடுவாரு. தோலுக்கு ஆள் வந்தா தோலுக்குக் குடுப்பாரு."

அந்தத் தோல்தான் கதையோட முதல் பாதி. இருபதாம் நூற்றாண்டுல பல பத்தாண்டுகளா இந்தியாவுல இருந்து பாம்புத்தோல் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆச்சு. பை, செருப்பு, பெல்ட். அதுக்கு ரொம்ப அடிபட்டது நம்ம சாரை. நீளமான பாம்பு, அகலமான தோல், எல்லா ஊர்லயும் கிடைக்கும். வடதமிழ்நாட்டுல இந்தப் பாம்புகளைப் பிடிச்சுக் கொடுத்தவங்க இருளர்கள். லாபம் யாருக்குப் போயிருக்கும்னு சொல்லத் தேவையில்ல. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 1976-ல பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்துச்சு. பாம்புக்கு நல்லது. ஆனா தலைமுறை தலைமுறையா ஒரே ஒரு விஷயத்துல உலகத்துலயே கெட்டிக்காரங்களா இருந்த ஒரு சமூகத்துக்கு, அந்தத் திறமையே சட்டப்படி குற்றம்னு ஆகிடுச்சு.

இங்கதான் ராமுலஸ் விட்டேக்கர் கதைக்குள்ள வர்றார். 1943-ல நியூயார்க்ல பிறந்து, சின்ன வயசுலயே இந்தியா வந்தவர். 60-கள்ல அமெரிக்கா போனப்போ ஃப்ளோரிடாவுல, பில் ஹாஸ்ட்னு ஒருத்தர் நடத்தின மியாமி செர்பென்டேரியத்துல வேலை பார்த்தார். பாம்பை வச்சு விஷம் எடுக்கிற இடம் அது. திரும்பி வந்து மெட்ராஸ்ல பாம்புப் பண்ணை ஆரம்பிச்சார். முதல்ல சேலையூர், அப்புறம் கிண்டி. நம்மள்ல பாதிப் பேர் ஸ்கூல் டூர்ல போன அதே கிண்டி பாம்புப் பண்ணைதான். 1976-ல முதலைப் பண்ணை. இந்த வேலைகள் எல்லாத்துலயும் அவர்கூட இருந்தது இருளர்கள். பாம்பை எப்படித் தேடறதுன்னு அவங்ககிட்டதான் கத்துக்கிட்டதா அவரே பல இடத்துல சொல்லியிருக்கார்.

1978-ல இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவாச்சு. இடம் மகாபலிபுரம் பக்கத்துல வடநெம்மேலி. தோலுக்காகக் கொல்லாம, விஷத்தை மட்டும் எடுத்துட்டுப் பாம்பைத் திரும்ப விட்டுடறது, அதுதான் ஐடியா. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன்னு நாலு பாம்புகளுக்கு மட்டும், வனத்துறை அனுமதியோட. அந்த விஷம் உலர வச்சுத் தூளாகி, விஷமுறிவு மருந்து தயாரிக்கிற கம்பெனிகளுக்குப் போகுது. இந்த மருந்து எவ்வளவு தேவைன்னு புரிய ஒரு எண் போதும். 2000-ல இருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியில செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு 2020-ல வந்த ஒரு ஆய்வு கணக்கு சொல்லுது. வருஷத்துக்கு சராசரியா 58,000.

நான் ஓஎம்ஆர்ல வேலை பார்க்கிறவன். அங்கிருந்து வடநெம்மேலி பைக்ல ரொம்ப தூரம் இல்ல. முதல் தடவை போனப்போ நான் எதிர்பார்த்தது லேப் மாதிரி ஒரு இடம். கண்ணாடிப் பெட்டி, ட்யூப்லைட், இந்த மாதிரி. பார்த்தது வரிசையா மண்பானை. அடியில மணல், வாயில துணி போட்டுக் கட்டியிருக்கு. ஒவ்வொரு பானைக்குள்ளயும் ஒரு ஆளைக் கொல்லக்கூடிய பாம்பு. சுமார் மூணு நாலு வாரம் வச்சிருப்பாங்க, வாரத்துக்கு ஒரு தடவை விஷம் எடுப்பாங்க, அப்புறம் வயித்துச் செதில்ல ஒரு சின்ன அடையாளம் வெட்டிட்டு காட்டுல விட்டுடுவாங்க. உடனே அதே பாம்பை மறுபடி பிடிச்சிடக் கூடாதுங்கிறதுக்காக அந்த அடையாளம்.

அன்னிக்கு அந்தப் பானை எனக்கு வசதியில்லாதவங்க பண்ற ஏற்பாடு மாதிரி தெரிஞ்சது. உண்மையைச் சொல்லணும்னா கொஞ்சம் ஏமாற்றம்தான். இந்த ஏப்ரல்லதான் அது எவ்வளவு நல்ல டிசைன்னு எனக்குப் புரிஞ்சது.

சரி, நம்ம பெட்டிக்கு வருவோம். கார்ன் ஸ்நேக் உலகம் முழுக்க செல்லப் பிராணி ஆனதுக்கு ஒரு தனி வரலாறு இருக்கு. 1953-ல வட கரோலினாவுல கருப்பு நிறமியே இல்லாத ஒரு கார்ன் ஸ்நேக் கிடைச்சது. ஜார்ஜியாவைச் சேர்ந்த பெக்டெல்னு ஒரு தோல் டாக்டர் இந்த நிறம் எப்படி அடுத்த தலைமுறைக்குப் போகுதுன்னு வீட்டுல வளர்த்துப் பார்த்து, மனைவியோட சேர்ந்து 1962-ல ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டார். பள்ளிக்கூடத்துல மெண்டல் பட்டாணிச் செடி படிச்சோமே, அதே கணக்கு பாம்புல. அதுக்கப்புறம் கலர் கலரா வளர்த்து விக்கிறது ஒரு தொழிலாவே ஆயிடுச்சு. என் நண்பன் வாங்கினதும் அந்த நிறமி இல்லாத வகைதான்.

அந்தத் தொழில் வளர்ந்தது குளிர் ஊர்கள்ல. அதனால இன்டர்நெட்ல கிடைக்கிற எல்லா கைடும் ஒரே கேள்வியில ஆரம்பிக்குது: பாம்பை எப்படிச் சூடா வைக்கிறது? பெட்டியோட ஒரு பக்கம் 29-ல இருந்து 32 டிகிரி, இன்னொரு பக்கம் 22-ல இருந்து 25 டிகிரி. சூடான பக்கத்துக்கு அடியில ஹீட் மேட். பாம்புக்கு உடம்புச் சூட்டைத் தானா வச்சுக்கத் தெரியாது, வெளிச்சூட்டை வச்சுத்தான் சாப்பிட்டதை ஜீரணிக்கும். அதனால ரெண்டு பக்கமும் வேணும், எங்க படுக்கணும்னு அதுவே முடிவு பண்ணிக்கும். எல்லாம் சரி. ஆனா என் நண்பன் சென்னையில ஏப்ரல் மாசம், மூடின ரூம்ல, தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டை 24 மணி நேரமும் ஓட விட்டிருக்கான். கைடுல போட்டிருக்கேன்னு. குட்டி நாள் முழுக்கத் தண்ணிக் கிண்ணத்துக்குள்ளயே படுத்திருந்ததாம். "குளிக்கப் பிடிக்கும்போல"ன்னு அவன் ரீல்ஸ் வேற போட்டிருக்கான். அது குளிக்கல. வெந்துட்டிருந்தது. 35 டிகிரிக்கு மேல ரொம்ப நேரம் இருந்தா கார்ன் ஸ்நேக் உயிருக்கே ஆபத்து.

ஆரணியில மே மாசம் பகல்ல வீட்டுக்குள்ளயே 36, 37 வந்துடும். ஏசி இருக்கிறது ஒரே ரூம்ல, அது ஆயாவோடது. ஹீட் மேட்டைக் கழட்டி எறிஞ்சேன். பெட்டியைத் தறி ரூமுக்கு மாத்தினேன். மண்தரை, ஓட்டுக்கு அடியில உயரமா இருக்கிற கூரை, பழைய நெசவு வீடுகள்ல அதுதான் குளுமையான இடம். அது போதல. அப்பதான் வடநெம்மேலி பானை ஞாபகம் வந்துச்சு. வாய் உடைஞ்ச ஒரு சின்னப் பானையைக் கவுத்துப் போட்டு, பக்கத்துல பாம்பு போற அளவுக்கு ஒரு ஓட்டை, அதோட முனைகளை உப்புத்தாள்ல தேய்ச்சு மழுங்க வச்சேன். பானையை வெளியில எடுத்துத் தண்ணியில நனைச்சு வச்சா, மண்ணு வழியா ஈரம் ஆவியாகும்போது உள்ள சூடு இறங்கும். குடிதண்ணிப் பானை வேலை செய்யற அதே முறை. தெர்மாமீட்டரை உள்ள வச்சுப் பார்த்தேன். வெளியில 36, பானைக்குள்ள 30-க்குக் கீழ. பெட்டி முழுக்க ஈரமாகிடாம மட்டும் பார்த்துக்கணும், எப்பவும் ஈரத்துலயே இருந்தா தோல்ல புண் வரும்.

இன்னொரு விஷயமும் பானை கொடுக்குது. இருட்டு. உடம்பு நாலு பக்கமும் எதையாவது தொட்டுட்டிருந்தாதான் பாம்புக்குப் பாதுகாப்பா தோணும். என் நண்பனோட பெட்டியில ஒளிய இடமே இல்ல, "அழகா தெரியணும்"னு. தினமும் கையில வேற எடுத்திருக்கான். பயந்துபோன பாம்பு சாப்பிடாது. வடநெம்மேலியில பானை வச்சவங்க இதை எந்த கைடும் படிச்சுக் கத்துக்கல. பாம்பு எங்கே போய்ப் படுக்கும்னு வாழ்நாள் முழுக்கத் தேடினவங்களுக்கு, அந்த மாதிரி ஒரு இடத்தைச் செய்யத் தெரிஞ்சிருக்கு.

ஒரு வாரம் தொடவே இல்ல. எட்டாவது நாள் சாயங்காலம் எலிக்குஞ்சு வச்சேன். இங்க கொஞ்சம் விவரமா சொல்றேன், நிறைய பேர் கேட்டீங்க. முட்டையில இருந்து வந்த குட்டிக்கு, ரோமம் முளைக்காத சுண்டெலிக்குஞ்சு, அஞ்சு ஏழு நாளைக்கு ஒரு தடவை. வளர வளர எலியோட அளவு கூடும், இடைவெளியும் கூடும். பெரிய பாம்புக்குப் பத்துப் பதினாலு நாளைக்கு ஒரு தடவை போதும். எலி, பாம்போட உடம்புல தடிமனான இடத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல போகக் கூடாது. சீக்கிரம் வளரணும்னு அடிக்கடி கொடுத்தா கொழுப்பு சேர்ந்து ஆயுசு குறையும். உயிரோட எலி போடக் கூடாது, பசியில்லாத பாம்பை எலி கடிச்சுக் குதறிடும். உறைய வச்சதை ஒரு கவர்ல போட்டு வெந்நீர்ல வச்சு உடம்புச் சூட்டுக்குக் கொண்டு வந்து, இடுக்கியில பிடிச்சுக் காட்டணும். சாப்பிட்டப்புறம் ரெண்டு நாள் தொடவே கூடாது, தொட்டா கக்கிடும். கண் நீலம் பூத்த மாதிரி இருந்தா தோல் உரிக்கப் போகுதுன்னு அர்த்தம், அப்ப சாப்பிடலன்னா கவலைப்படாதீங்க. பால் வேண்டாம். பாம்பு பால் குடிக்கிற பிராணி இல்ல, ஆயா இதை இன்னும் ஒத்துக்கல.

அந்த உறைய வச்ச எலியை வைக்க எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இடம் கிடைக்கல, அது தனிச் சண்டை. சின்னதா ஒரு ஐஸ் பெட்டி வாங்கினேன். எடை பார்க்கப் பட்டு நூல் நிறுக்கிற தராசை எடுத்ததுக்கும் திட்டு விழுந்துச்சு. ஆனா எடை பார்த்தே ஆகணும். சாப்பிடாத பாம்பு நல்லாத்தான் இருக்கான்னு கண்ணால சொல்ல முடியாது. வந்த அன்னிக்கு 31 கிராம். எட்டாவது நாள் பானைக்குள்ள இருந்து தலையை நீட்டி வாங்குச்சு. நான் மூச்சே விடல. ஜூன் கடைசியில 46 கிராம்.

அப்பதான் நண்பன்கிட்ட இருந்து மெசேஜ். ஆன்சைட் ஒரு வருஷத்துக்கு நீண்டிருக்கு. "நீயும் எவ்வளவு நாள் பார்ப்ப, உங்க ஊர் ஆத்தோரமா விட்டுடு மச்சான். அதுவும் சாரை மாதிரிதானே, எலி பிடிச்சுப் பொழைச்சுக்கும்."

எங்க ஊர் ஆறு கமண்டல நாகநதி. பேர்லயே நாகம் இருக்கு. கரை முழுக்க நெல்வயல், எலிக்குப் பஞ்சமில்ல. ஒரு நிமிஷம் எனக்கும் அது நியாயமா பட்டுச்சு. இருளர்கள் மூணு நாலு வாரத்துல விட்டுடறாங்களே, நாம ஏன் விடக் கூடாது?

ஏன்னா அவங்க விடுறது இந்த ஊர்ப் பாம்பை. வெளியூர்ப் பாம்பை விட்டா என்ன ஆகும்னு பார்க்க, கார்ன் ஸ்நேக்கோட சொந்த ஊரான ஃப்ளோரிடாவுக்கே போகலாம். அங்க எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துல இப்ப ராஜ்ஜியம் பண்றது பர்மிய மலைப்பாம்பு, நம்ம ஆசியப் பாம்பு. செல்லப் பிராணியா போனதுல தப்பிச்சதும், பெருசாயிடுச்சுன்னு ஓனர்கள் கொண்டுபோய் விட்டதும் பெருகிடுச்சு. 2012-ல வந்த ஆய்வுல, பாம்பு ரொம்ப நாளா இருக்கிற பகுதியில ரக்கூன் கண்ணுல படறது 99 சதவீதம் குறைஞ்சிடுச்சுன்னு சொன்னாங்க. நாய், ரேடியோ டிரான்ஸ்மிட்டர், பரிசுப் போட்டின்னு என்னென்னவோ பண்ணிப் பார்த்துட்டு, 2017 ஜனவரியில தமிழ்நாட்டுல இருந்து ரெண்டு பேரைக் கூப்பிட்டாங்க. மாசி சடையன், வடிவேல் கோபால். ரெண்டு பேரும் இருளர்கள், அம்பது வயசைத் தாண்டினவங்க. மத்தவங்க ரோட்டோரமா வண்டியில தேடினா, இவங்க நேரா புதருக்குள்ள போனாங்க. பாம்பைத் தேடாம, அது போன தடத்தையும் எச்சத்தையும் தேடினாங்க. முதல் எட்டு நாள்ல 13 மலைப்பாம்பு. அதுல ஒண்ணு கீ லார்கோ தீவுல ஒரு பழைய ஏவுகணைத் தளத்துல கிடைச்ச 16 அடி நீளப் பெண் பாம்பு. 2023-ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

யோசிச்சுப் பாருங்க. ஒரு காலத்துல எங்க தறிக்குழியில பாம்பு எடுத்துட்டு படி அரிசி வாங்கிட்டுப் போன அதே திறமை. யாரோ ஆசைக்கு வாங்கி, அலுத்துப்போய் விட்ட பாம்புகளைப் பொறுக்க உலகத்தோட அடுத்த மூலைக்குப் போயிருக்கு.

கார்ன் ஸ்நேக் மலைப்பாம்பு அளவுக்கு ஆபத்து இல்லன்னு சொல்லலாம். ஆனா கிராண்ட் கேமன் மாதிரி கரீபியன் தீவுகள்ல அது வெளியில இருந்து வந்து குடியேறியிருக்கு. ஒரு குட்டியா பெருகாம போனாலும், பெட்டியில வளர்ந்த பாம்புக்கிட்ட இருக்கிற குடல் ஒட்டுண்ணிகள் எங்க ஊர்ச் சாரைக்குப் பரவினா? சாரை குறைஞ்சா எலி யார் பாவுக்கு வரும்?

சட்டத்தையும் சொல்லிடறேன். நம்ம ஊர்ப் பாம்பு எதையும், சாரையா இருந்தாலும், வீட்டுல வளர்க்கிறது குற்றம். வெளிநாட்டுப் பாம்பை இறக்குமதி பண்ண லைசென்ஸ் வேணும். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கிற பிராணிகளை வச்சிருந்தா 2024-ல வந்த விதிப்படி பதிவு பண்ணணும். கார்ன் ஸ்நேக் அந்தப் பட்டியல்ல இல்ல. அதனாலதான் விக்கிறவங்க "ஃபுல் லீகல் ப்ரோ"ன்னு சொல்றாங்க. ஆனா 2023 ஜனவரியில சென்னை ஏர்போர்ட்ல பாங்காக்ல இருந்து வந்து கேட்பாரில்லாம கிடந்த பெட்டிகள்ல 45 பால் பைத்தானோட 8 கார்ன் ஸ்நேக்கும் இருந்துச்சு. எல்லாத்தையும் தாய்லாந்துக்கே திருப்பி அனுப்பினாங்க. என் நண்பன் வாங்கினது இங்கேயே பொரிச்ச குட்டின்னு சொல்லி வித்திருக்காங்க. பேப்பர் கேட்டேன், இருந்தது ஒரு வாட்ஸ்அப் சாட் மட்டும்தான்.

அவனுக்கு ஃபோன் பண்ணேன். சண்டை போட்டோம், உண்மையாவே. கார்ன் ஸ்நேக் 15, 20 வருஷம் இருக்கும்டா, நீ வாங்கும்போது யாராவது சொன்னாங்களான்னு கேட்டேன். சொல்லல. கடைசியா ஒரு முடிவுக்கு வந்தோம். எப்ப, யார்கிட்ட, எவ்வளவுக்கு வாங்கினான்னு அவன் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பறான். அதை எடுத்துட்டு அடுத்த வாரம் நான் வனத்துறை ஆஃபீஸ் போறேன். அவங்க எடுத்துக்கிட்டா கொடுத்துடுவேன். வச்சுக்கச் சொன்னா வச்சுக்கறேன். ஆத்தோரம் மட்டும் கிடையாது.

ஆயாகிட்ட இதைச் சொன்னேன். தறியை நிறுத்தாமலே கேட்டாங்க: "கூட்டிட்டுப் போறப்ப அந்தப் பானையையும் குடுத்தனுப்புவியா?" இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, சாப்பாட்டு நாள். காலையில நிறுத்தப்போ 52 கிராம். ரெக்கார்டிங்கை நிறுத்திட்டு வெந்நீர் வைக்கணும்.